எல்லம்மாள் சாக மறுத்த நாடகம்

பழவேற்காடு
12-7-1959

சொக்கம்மாள் டீச்சருக்கு,

நலமா என்று கேட்டு எழுத மனம் வரவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பள்ளிப் பியூன் தானியேல் போட்ட கார்டு நேற்று வந்தது. கொன்றைப்பாக்கம் உயர்நிலைப் பள்ளியில் நாடகக் குழு மறுபடியும் தொடங்கிவிட்டதாம். தலைவர் பஞ்சாட்சரமாம். இனிமேல் பெண்பிள்ளைகள் மேடை ஏறக் கூடாதாம். சேரிப் பிள்ளைகள் திரை இழுக்கலாமாம், வேஷம் கட்டக் கூடாதாம். இதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்தவர் நீங்களாம்.

கார்டைக் கிழித்துக் கடலில் எறிந்தேன்.

அந்தக் குழுவை யார் உண்டாக்கியது டீச்சர்? நான் சரித்திரப் பாடம் நடத்த வந்தவன். நீங்கள் தையல் டீச்சர். உத்திரமேரூர் பஸ் வந்து திரும்புகிற அந்தக் கடைசி ஊரில், நாடகம் என்றாலே கூத்துக்காரன் பிழைப்பு என்று சிரித்தார்கள். முதல் வருஷம் பையன்களுக்குப் புடவை கட்டிவிட்டோம். அவர்கள் வாயைத் திறந்ததும் விசில் பறந்தது. இரண்டாம் வருஷம் நீங்கள் வீடு வீடாகப் போய்ப் பெண்பிள்ளைகளைக் கேட்டீர்கள். கதவைச் சாத்தினார்கள். மூன்றாம் வருஷம்தான் எல்லம்மாள் வந்தாள். பத்தாம் வகுப்பில் படித்த ஒரே சேரிப் பெண். அவளுடைய குரல் கூடத்தின் கடைசிச் சுவர் வரை போய்த் திரும்பி வந்ததும், நீங்கள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆண்டு விழா அன்று நடந்ததும் ஞாபகம் இருக்கிறது. 'கரை' நாடகம் முழுக்க அந்தக் கடைசிக் காட்சிக்காகத்தான் எழுதினேன். ஏரிக்கரை தாங்காது என்று கூலிக்காரி கன்னியம்மா சொல்கிறாள். ராஜா கேட்கவில்லை. கரை உடைகிறது. உடைப்பை அடைக்கப் போனவள் சாகிறாள். ராஜா வந்து அவள் காலடியில் மண்டி போட்டு அழுகிறான். ராஜா வேஷம் பஞ்சாட்சரத்தின் மகன் வேதகிரிக்கு. அவன் முழங்காலை மடக்கத் தொடங்கியபோதே முன்வரிசையிலிருந்து அந்த மனிதர் எழுந்தார். "எம் புள்ள சேரிப் பொண்ணு கால்ல வுயறதா? அணைங்கடா வெளக்க!" பெட்ரோமாக்ஸ் அணைந்தது. நான் மேடையிலிருந்து குதித்து அவர் துண்டைப் பிடித்தேன். பிடித்ததற்காக வருத்தப்படவில்லை. அதற்குத்தான் இந்த மாற்றல்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? ஓரத்தில் நின்றீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது அதே மனிதரிடம் போய்த் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள். எல்லம்மாள் பள்ளிக்கே வருவதில்லை என்றும் தானியேல் எழுதியிருக்கிறார். அதற்கும் நீங்கள் தலையாட்டினீர்களா?

ஞானதாஸ்


கொன்றைப்பாக்கம்
21-7-1959

ஞானதாஸ் சாருக்கு,

உங்களுக்குக் கிழித்து எறியக் கடல் இருக்கிறது. எனக்கு அடுப்பு இருக்கிறது. ஆனாலும் உங்கள் கடிதத்தை எரிக்காமல் இரண்டு முறை படித்தேன். முதல் முறை அழுகை வந்தது. இரண்டாம் முறை கோபம்தான் வந்தது. அது நின்ற பாடில்லை.

நீங்கள் ஒரு மனிதரின் துண்டைப் பிடித்தீர்கள். ஊரே பார்த்தது. பிறகு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டீர்கள். மறுநாள் விடிந்ததும் இங்கே என்ன நடந்தது என்று தானியேல் எழுதினாரா? எல்லம்மாளின் அப்பா வீராசாமியை அறுப்புக் களத்திலிருந்தே திருப்பி அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவருக்கு இந்த ஊரில் வேலை இல்லை. தென்னேரிப் பக்கம் போய்க் கூலி வேலை செய்கிறார். வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருகிறார்.

நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். எங்கள் தெருப் பெண் அங்கே போனாள் என்று எங்கள் வீட்டு அண்ணி என்னோடு பேசுவதை நிறுத்தியது வேறு கதை. எல்லம்மாளின் அம்மா ஜெயம்மாள் என்னை உட்காரச் சொல்லவில்லை. "இன்னாத்துக்கு டீச்சர் வந்துக்கினு கீறீங்கோ? உங்க சாரு ஒரு நாளு வீராப்பா நின்னுட்டுப் பூட்டாரு. நாங்க இங்கதான கீறோம்? தெனமும் அவுங்க வரப்பு மேலதான நடந்து போவணும்? எம் பொண்ணு இனிமே எந்த நாடகத்துக்கும் வராது. பள்ளிக்கோடமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்" என்றாள்.  நீங்கள் இருந்தால் சரித்திரத்திலிருந்து ஏதாவது சொல்லியிருப்பீர்கள்.

பஞ்சாட்சரம் என் பெரியப்பா மகன். அது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தக் கடைசி வரியை எழுதினீர்கள். நான் அவரிடம் போனேன், உண்மை. குழுவைக் கலைத்துவிட்டு மேடைப் பலகைகளைப் பஞ்சாட்சரம் அண்ணன் நெல் மூட்டை அடுக்க எடுத்துக்கொள்ளப் போவதாகத் தலைமையாசிரியர் சொன்ன பிறகு போனேன். பலகை அண்ணனுடையதுதான். பழைய மாட்டுக்கொட்டாயைப் பிரித்தபோது நாம்தான் கெஞ்சி வாங்கினோம். "பசங்கள மட்டும் வெச்சி பக்தி நாடகம் போடு. பொண்ணுங்க வேணாம். அந்தச் சார் எய்தினது எதுவும் வேணாம்" என்றார். சரி என்றேன். இன்றைக்கு விட்டுவிட்டால் இந்த ஊரில் இன்னும் இருபது வருஷத்துக்கு யாரும் நாடகம் என்ற பேச்சை எடுக்க மாட்டார்கள். அதனால் சரி என்றேன்.

நீங்கள் தூரத்தில் இருந்துகொண்டு சுத்தமாக இருக்கிறீர்கள். இருங்கள்.

சொக்கம்மாள்


பழவேற்காடு
30-7-1959

டீச்சர்,

பக்தி நாடகம். நல்லது. உங்கள் அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம்.

வீராசாமி விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அவரைக் களத்திலிருந்து விரட்டியது நானா? விரட்டிய கையை விட்டுவிட்டு, அந்தக் கையைத் தடுக்கப் போனவனைக் கேட்கிறீர்கள். உங்கள் தெருவில் காலங்காலமாகச் சொல்கிற நியாயம் இதுதான். நீங்களும் அந்தத் தெருவிலேயே பிறந்தவர்தானே.

இரண்டு வேண்டுகோள். ஒன்று, 'கரை' பிரதியை உடனே தபாலில் அனுப்புங்கள். அது அந்தப் பள்ளியில் ஒரு நாளும் இருக்கக் கூடாது. இரண்டு, குழுவைக் கலைத்துவிடுங்கள். இப்படி ஒரு குழு இருப்பதைவிட இல்லாமல் போவது மேல்.

ஞானதாஸ்


கொன்றைப்பாக்கம்
16-8-1959

ஞானதாஸ் சாருக்கு,

பிரதியை அனுப்பப் போவதில்லை. குழுவைக் கலைக்கப் போவதும் இல்லை. என் தெருவைப் பற்றி நீங்கள் எழுதியதற்குப் பதில் எழுதினால் இந்தக் காகிதம் போதாது. அதை விடுங்கள். வேறு ஒன்று சொல்ல வேண்டும்.

நேற்று சுதந்திர தினக் கொடியேற்றம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். எல்லம்மாள் வந்தாள். கொல்லைப்புறமாக வரவில்லை. தெருவாசலில் நின்று, "டீச்சர்!" என்று கூப்பிட்டாள். அதே குரல். எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே வா என்றேன். வரவில்லை. நின்றபடியே பேசினாள். நாம் இருவரும் ஆளுக்கொரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறோமே, அந்தப் பெண் என்ன நினைக்கிறாள் என்று நாம் கேட்டதே இல்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நானாக எதையும் சேர்க்கவில்லை.

"அன்னிக்கு நான் செத்துக் கெடந்தேன் டீச்சர். கண்ண மூடிக்கினு கெட, அசையாதன்னு சாரு சொல்லிருந்தாரு. வெளக்கு அணஞ்சிது. ஒரே சத்தம். எய்ந்துக்கலாமா வேணாமான்னு தெரியல. யாருனா வந்து, எய்ந்துரு எல்லம்மான்னு சொல்லுவீங்கன்னு பாத்துக்கினே கெடந்தேன். சாரு சண்ட போடப் பூட்டாரு. நீங்க மத்தப் பொண்ணுங்கள இட்டுக்கினு பூட்டீங்க. என் கைய யாரோ மிதிச்சிட்டுப் போனாங்க. என்னிய யாரும் எய்ப்பல. நானே எய்ந்து, அந்த வேசத்தோடவே வூட்டுக்கு நடந்து போனேன்."

சார், அந்தக் கூட்டத்தில் நாடகம் பார்க்க வந்த ஊர்ப் பெண்பிள்ளைகளை வீடு சேர்க்க வேண்டும் என்று ஓடினேன். அவர்களின் அம்மாக்கள் என்னைக் கேட்பார்கள். எல்லம்மாளைப் பற்றி என்னை யார் கேட்கப் போகிறார்கள்? அப்போது நான் இப்படி யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. யோசிக்கவே இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. இன்னும் ஒன்று கேட்டாள். இது உங்களுக்கு.

"அந்தக் கன்னியம்மா ஏன் டீச்சர் சாவணும்? அவ செத்தாதான் ராசா குனிவாரா? உசுரோட நின்னா குனிய மாட்டாரா? சாரு எங்க ஜனந்தான? அவரே எய்துறப்பவும் எங்கள சாவடிக்கிறாரே."

கேட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டாள். பதில் இருந்தால் எழுதுங்கள். நான் கொண்டுபோய்ச் சொல்கிறேன்.

சொக்கம்மாள்


பழவேற்காடு
2-9-1959

டீச்சருக்கு,

இந்தக் கடிதத்தை நான்காவது தடவையாக எழுதுகிறேன். முன் மூன்றிலும் உங்களைத்தான் திட்டியிருந்தேன்.

எல்லம்மாள் கிடந்தது எனக்குத் தெரியாது. மேடையில் யாரும் இல்லை என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதும் பொய். அந்த ஆளின் முகத்தைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

ஆனால் நாடகத்தைப் பற்றி அவள் கேட்டதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. மாகறல் பக்கம் செய்யாற்றில் வெள்ளம் வந்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. கால்வாய்க் கரை பிளந்தபோது எங்கள் தெரு ஆட்களைத்தான் இறக்கினார்கள். என் அம்மா மண்கூடையோடு போனாள். கரை நின்றது. அவள் திரும்பவில்லை. அவர்கள் நிலம் அந்த வருஷமும் விளைந்தது. யாரும் எங்கள் வீட்டுப் பக்கம் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. உபதேசியார் மட்டும் வந்து ஜெபம் செய்தார். உங்களிடம்கூட இதை நான் சொன்னதில்லை. சொல்வதற்காகத்தான் அந்த நாடகத்தை எழுதினேன். நிஜத்தில் குனியாதவனை மேடையிலாவது குனிய வைத்தேன். நான் யாரையும் சாகடிக்கவில்லை. செத்தவளுக்கு ஒருவன் தலைகுனிய வேண்டும் என்று கேட்டேன். இது தப்பா?

ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. அவளிடம் சொல்லுங்கள்.

ஞானதாஸ்


கொன்றைப்பாக்கம்
4-10-1959

சாருக்கு,

உங்கள் கடிதத்தை நானாகச் சுருக்கிச் சொல்ல விரும்பவில்லை. எல்லம்மாள் வீட்டுக்குப் போய் முழுவதும் படித்துக் காட்டினேன். ஜெயம்மாளும் கேட்டுக்கொண்டிருந்தாள். உங்கள் அம்மா பற்றிய இடம் வந்ததும் அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்குத்தான் எனக்கு உட்காரப் பாய் போட்டாள்.

எல்லம்மாள் பிறகு சொன்னாள்: "சாரோட அம்மாவுக்கு அது நடந்திச்சி. அவரு எய்தினது சரிதான். ஆனா நான் இன்னும் சாவலியே டீச்சர்."

 முடிவை மாற்றுகிறோம். உங்கள் அனுமதியைக் கேட்கவில்லை, தெரிவிக்கிறேன். கோபித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பழக்கம்தான்.

அவள் பள்ளிக்குத் திரும்பிவிட்டாள். ஜெயம்மாள் சம்மதித்தாளா என்றால், தடுக்கவில்லை. ராஜா வேஷத்துக்கு வேதகிரியைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "அப்பா தோல உரிச்சிடுவாரு டீச்சர்" என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அம்முலு முன்வந்தாள். முன்பு நான் போனபோது கதவைச் சாத்தினார்களே, அந்த வீட்டுப் பெண். பையன்கள் புடவை கட்டினால் நான் மீசை வைக்கக் கூடாதா என்று கேட்கிறாள். குரலைத் தணித்துப் பேசிப் பழகுகிறாள். வகுப்பில்கூட ராஜா மாதிரிதான் எழுந்து பதில் சொல்கிறாள்.

எங்கே, எப்படிப் போடுவது என்று இன்னும் தெரியவில்லை. தலைமையாசிரியரிடம் பக்தி நாடக ஒத்திகை என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் நடக்கத்தான் நடக்கிறது. பையன்கள் முருகன் வேஷத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சொக்கம்மாள்


கொன்றைப்பாக்கம்
21-2-1960

ஞானதாஸ் சாருக்கு,

நீங்கள் பதில் போடவில்லை. பொங்கலுக்கும் ஒரு வரி இல்லை. போடாவிட்டால் போகட்டும். நடந்ததை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

வருஷா வருஷம் தையல் கண்காட்சி வைப்பேனே, அதற்குப் பெற்றோர்கள் பகலில் வருவார்கள். அன்றைக்கே போட்டோம். பகலில் போட்டால் யாரும் அணைக்க விளக்கு இல்லை. பெண்பிள்ளைகள் மேடை ஏறக் கூடாது என்றுதானே நிபந்தனை? ஏறவில்லை. வேப்பமரத்தடியில் தரையில் நின்றார்கள். தலையணை உறைகளையும் பூப்போட்ட மேசைவிரிப்புகளையும் பார்த்துக்கொண்டிருந்த ஜனம் அப்படியே திரும்பிப் பார்த்தது. தலைமையாசிரியர் ஏதோ பாட்டு என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். விஷயம் புரிந்து எழுந்திருக்கப் பார்த்தபோது சுற்றிலும் ஆட்கள். சேரியிலிருந்தும் வந்திருந்தார்கள். அவர்களைக் கயிறு கட்டிப் பிரிக்க அங்கே மேடையும் இல்லை, முன்வரிசையும் இல்லை.

அண்ணனுக்கு யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பாதியில் வந்தார், வேதகிரியும் கூட.  கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்ததும் ராஜாவாக நின்ற அம்முலுவுக்குப் பேச்சு மறந்துபோனது. மீசை நடுங்குகிறது.  அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தது: "என் தேசத்தில் எனக்குப் புத்தி சொல்ல நீ யார்?" வேதகிரி. அப்பன் பக்கத்திலேயே நின்று சொன்னான். அண்ணன் திரும்பி அவனைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தார். அவ்வளவுதான்.

கடைசிக் காட்சி. கரை உடைந்துவிட்டது. கன்னியம்மா சேறும் சகதியுமாக வெளியே வருகிறாள், உயிரோடு. ராஜா ஓடி வந்து மண்டி போடுகிறான். நாங்கள் எழுதிய வசனம் வேறு. எல்லம்மாள் அதைச் சொல்லவில்லை. அம்முலுவைக் குனிந்து பார்த்தாள். பிறகு மேடைத் தமிழை விட்டுவிட்டு வீட்டில் பேசுகிற மாதிரி சொன்னாள்:

"மண்டி போட்டா கரை நிக்காது ராசா. எய்ந்து மம்புட்டிய எடு."

யாரும் கைதட்டவில்லை சார்.  பிறகு சேரிப் பக்கமிருந்து ஒரு கிழவர், "எடுறா!" என்று கத்தினார். அதற்குப் பிறகு எழுந்த சத்தத்தில் தலைமையாசிரியர் என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. ஜெயம்மாள் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு மகளிடம் வந்தாள். கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். "தொண்ட கட்டிக்கும். தண்ணி குடி" என்று சொம்பை நீட்டினாள்.

இனி மற்றது. எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. ஜூனில் எனக்கும் மாற்றல் வரும் என்கிறார்கள். வீட்டில் அண்ணி என் சமையலைத் தனியாகப் பிரித்துவிட்டாள். மறுநாளே அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்து மேடைப் பலகைகளை ஏற்றினார். தடுக்க முடியாது, அவருடையது. என்னிடம் நேராக வந்து, "பலக என்னுது. எடுத்துக்கினு போறேன். இனிமே எதுமேல நின்னு ஆடுறீங்கன்னு பாக்குறேன்" என்றார். "மண்ணு மேல" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எல்லம்மாள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது பள்ளி மைதானத்தின் ஓரத்தில் மண்மேடை போடுகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை. வீராசாமி தென்னேரியிலிருந்து வந்து தண்ணீர் விட்டு மிதித்துக் கொடுக்கிறார். தலைமையாசிரியர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, மைதானத்தில் மண் கொட்டக் கூடாது என்று விதி ஒன்றும் இல்லை என்றார். வேதகிரி வரவில்லை. ஆனால் சைக்கிளில் இரண்டு முறை சுற்றிவிட்டுப் போனான்.

எனக்கு இன்னும் உங்கள் மேல் கோபம்தான். உங்கள் இரண்டாவது கடிதத்தை நான் மறக்கவில்லை.

சொக்கம்மாள்


பழவேற்காடு
3-3-1960

சொக்கம்மாள் டீச்சருக்கு,

பதில் போடாததற்குக் காரணம் கோபம்தான். மாற்ற வேண்டாம் என்று சொன்னேன், மாற்றினீர்கள். என் அம்மாவின் கதையை என்னைக் கேட்காமல் பொதுவில் வைத்துத் திருத்தினீர்கள். உங்கள் கடிதத்தைப் படிக்கிற வரை அப்படித்தான் இருந்தது.

படித்த பிறகும் கோபம் போகவில்லை. ஆனால் எல்லம்மாள் சொன்ன அந்த வசனத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. நாலு நாளாக அதே இடத்தில் நிற்கிறேன். வகுப்பில் அசோகரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்திவிட்டேன். பையன்கள் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டு ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அம்மா திரும்பி வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று இத்தனை வருஷத்தில் நான் யோசித்ததே இல்லை. செத்தவளாகவே வைத்திருந்தேன். அவள் வாய் கொஞ்சம் பொல்லாதது டீச்சர். இதைத்தான் சொல்லியிருப்பாள்.

உங்கள் தெருவைப் பற்றி நான் எழுதிய வரியை எடுத்துவிடுங்கள். மற்றவை இருக்கட்டும்.

வருகிற சனிக்கிழமை இங்கிருந்து புறப்படுகிறேன். பட்டணம் போய், காஞ்சிபுரம் போய், கடைசி பஸ்ஸுக்கு உத்திரமேரூர் வந்துவிடுவேன். விடிந்ததும் நடந்தே கொன்றைப்பாக்கம் வருகிறேன். அந்த ஊருக்குள் கால் வைக்கக் கூடாது என்று பஞ்சாட்சரத்தின் ஆட்கள் அன்றைக்குச் சொல்லி அனுப்பினார்கள். தெரு வழியாகத்தான் வருவேன். பார்க்கட்டும்.

சமாதானம் பேச வரவில்லை. உங்களோடு பேசுவேனா என்றுகூட இப்போது சொல்ல முடியாது. எனக்கும் ஒரு கூடை எடுத்து வையுங்கள்.

ஞானதாஸ்